லண்டன்–பாரிஸ் ரயில் நின்றுபோனால் எதில் போவது?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது: வெள்ளிக்கிழமை காலை லண்டன் செயின்ட் பேங்க்ராஸிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டார் டிக்கெட் இருக்கிறது, சனிக்கிழமை காலை அங்கே அக்கா மகனின் கல்யாணம். கூடவே 71 வயது அம்மாவும் நாலு வயதுப் பிள்ளையும். அம்மாவிடம் இலங்கைப் பாஸ்போர்ட், ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய பிரெஞ்சு விசா. ரயில்கள் நிற்கலாம் என்று செய்தி வருகிறது, விமானமா, பஸ்ஸா, கப்பலா, எதை எடுப்பது?

இருபது வருடத்துக்கு மேல் இந்த வழியில் போய்வருகிறேன். கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, பாரிஸில் நம் கடைத்தெருவான லா சப்பலில் பிள்ளையார் கோயில் தேர் என்று வருடத்துக்கு நாலைந்து தடவை. பாதிச் சொந்தம் லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் மீதிச் சொந்தம் பாரிஸ் புறநகரிலும் இருக்கிறவர்களுக்கு இது பஸ் பிடித்து அடுத்த ஊருக்குப் போகிற மாதிரித்தான். அதனால் மாட்டிக்கொள்ளவும் நிறையச் சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது.

விமானமா பஸ்ஸா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் தெரிய வேண்டியது, எந்த இடத்தில் பழுதாகியிருக்கிறது என்பது. அது தெரிந்தால், நீங்கள் நினைக்கிற மாற்று வழியும் அதே இடத்தைத் தாண்டித்தான் போகிறதா என்று பார்க்கலாம். அவசரத்தில் யாரும் இதைப் பார்ப்பதில்லை. ரயில் ரத்து என்றதும் கைக்கு வந்த டிக்கெட்டை வாங்குகிறோம், அப்புறம்தான் தெரிகிறது அதுவும் அதே பள்ளத்தில் விழுந்திருக்கிறது என்று.

2025 மார்ச்சில் இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. மார்ச் 7, வெள்ளிக்கிழமை. யூரோஸ்டார் போய்ச் சேருகிற பாரிஸ் கார் து நோர் நிலையத்துக்கு வடக்கே, செந்தெனி பக்கம் தண்டவாள வேலைக்காகத் தோண்டியபோது இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டு ஒன்று வெளியே வந்தது, எடை ஏறத்தாழ 500 கிலோ. அன்று பாரிஸ்–லண்டன் யூரோஸ்டார் முழுவதும் ரத்து. சரி, விமானத்தில் போவோம் என்று சார்ல் து கோல் விமான நிலையத்துக்குக் கிளம்பியவர்கள் என்ன ஆனார்கள்? நகரத்திலிருந்து அங்கே போகிற ஆர்.இ.ஆர். பி ரயிலும் அதே கார் து நோர் வழியாகத்தான் போகிறது, அதுவும் அங்கே நின்றுபோனது. சரியாக இரண்டு வாரம் கழித்து, மார்ச் 21, அதுவும் வெள்ளிக்கிழமை, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மின்சாரம் கொடுக்கிற துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து விமான நிலையமே கிட்டத்தட்ட நாள் முழுக்க மூடிக்கிடந்தது. அன்றைக்கு யூரோஸ்டார் மேலதிக ரயில் விட்டது. இரண்டு வாரத்துக்குள் ரயிலும் விமானமும் இடம் மாறிவிட்டன. ஆகவே "எப்போதும் விமானம்தான் நம்பிக்கை", "எப்போதும் ரயில்தான்" என்று சொல்கிற யாரையும் நம்ப வேண்டாம்.

இந்த வழியைத் துண்டு துண்டாக மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் பேங்க்ராஸிலிருந்து ஃபோக்ஸ்டன் வரை அதிவேகப் பாதை, நடுவில் எப்ஸ்ஃபிளீட் பக்கத்தில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் ஒரு சுரங்கம். அப்புறம் ஃபோக்ஸ்டனிலிருந்து கலேக்குப் பக்கத்தில் உள்ள கொக்கெல் வரை 50 கிலோமீட்டர் கால்வாய்ச் சுரங்கம், 1994இல் திறந்தது. அதன்பின் லில் வழியாகப் பாரிஸ் வரை பிரெஞ்சு அதிவேகப் பாதை. கடைசியில் கார் து நோர். இந்த நாலில் எது பழுது என்பதைப் பொறுத்துப் பதில் முழுக்க மாறும்.

தேம்ஸ் சுரங்கம் பழுது என்றால், 2023 டிசம்பர் 30 மாதிரி. அந்தச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது, யூரோஸ்டார் அத்தனையும் ரத்து. உடனே எல்லோருக்கும் தோன்றியது, செயின்ட் பேங்க்ராஸிலிருந்து டோவருக்கு ஒரு மணி நேரச் சொச்சத்தில் போகிற வேக ரயில் இருக்கிறதே, அதில் போய்க் கப்பல் ஏறலாமே என்று. ஆனால் அந்த ரயிலும் அதே தேம்ஸ் சுரங்கத்தால்தான் போகிறது. அன்று டோவர் போக வேண்டியவர்கள் விக்டோரியாவிலிருந்தோ சேரிங் கிராஸிலிருந்தோ பழைய பாதையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போயிருக்க வேண்டும். அதேநேரம் ஃபோக்ஸ்டனில் காரை ஏற்றிக்கொண்டு போகிற லே ஷட்டில் ரயிலுக்கு அந்த வெள்ளத்தோடு சம்பந்தமே இல்லை, அது கால்வாய்ச் சுரங்கத்தில் மட்டும் ஓடுவது. கார் உள்ள மாமா ஒருவர் இருந்தால் அன்று நேரத்துக்குப் போயிருக்கலாம்.

கால்வாய்ச் சுரங்கமே நின்றால் கதை வேறு. அதே 2023இல், டிசம்பர் 21, பிரெஞ்சுப் பக்கச் சுரங்க ஊழியர்கள் திடீரென்று வேலைநிறுத்தம் செய்தார்கள். யூரோஸ்டாரும் இல்லை, லே ஷட்டிலும் இல்லை. கார்க்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டோவருக்குத் திரும்ப, அங்கே கூட்டம். சுரங்கத்தை நம்பி ஓடுகிற பஸ்களுக்கும் அதே கதிதான். இப்படியான நாளில் கடலும் வானமும்தான் மிச்சம். அன்று சாயந்தரமே பேசி முடித்து, அடுத்த நாள் ரயில் ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு நாலு மடங்கு விலையில் விமானம் எடுத்தவர்கள் அடுத்த நாள் வயிறெரிந்திருப்பார்கள். 2009 டிசம்பரில் நடந்ததோ நேர் எதிர். வெளியே பனிக்குளிர், சுரங்கத்துக்குள் சூடு, மின்னணுப் பெட்டிகளில் ஈரம் படிந்து ஐந்து ரயில்கள் உள்ளேயே நின்றன, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் இரவில் மாட்டிக்கொண்டது. அதற்குப்பின் மூன்று நாள் ரயிலே இல்லை. ஆட்கள் செய்கிற வேலைநிறுத்தம் பேச்சில் முடியும், இயந்திரமும் காலநிலையும் பேச்சுக்கு வராது. காத்திருப்பதா கிளம்புவதா என்று முடிவெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிரெஞ்சுப் பாதை பழுது என்றால் பெரும்பாலும் பொறுத்திருப்பது நல்லது. 2024 ஜூலை 26, ஒலிம்பிக் தொடக்க நாள், பிரான்ஸின் அதிவேகப் பாதைகளில் யாரோ சிக்னல் கேபிள்களுக்குத் தீ வைத்தார்கள். யூரோஸ்டாரில் ஒரு பகுதி ரத்தானது, மிச்சத்தைப் பழைய பாதையில் திருப்பிவிட்டார்கள், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தாமதம். இரண்டே கால் மணிப் பயணம் நாலு மணியானால் எரிச்சல்தான், ஆனால் அதற்காக இறங்கி விமான நிலையம் ஓடியிருந்தால் அதைவிடப் பிந்தியிருப்பீர்கள்.

அடுத்தது கணக்கு. புதிய யூரோஸ்டார் ரயில் ஒன்றில் ஏறத்தாழ 900 இருக்கை. லண்டன்–பாரிஸ் ஓடுகிற சாதாரண விமானத்தில் 180 பேர் வரை, பஸ்ஸில் 50 பேர். அதாவது ஒரு ரயில் ரத்தானால் ஐந்து விமானம் நிரம்புகிற சனம் ஒரே நேரத்தில் போனைக் கையில் எடுக்கிறது. அதுவும் வெள்ளிக்கிழமை விமானங்களில் ஏற்கனவே பாதிக்கு மேல் ஆள் இருக்கும். நாலைந்து ரயில் ரத்து என்றால் சொல்லவே வேண்டாம். இதனால்தான் முதல் அரை மணி நேரம் முக்கியம் என்கிறேன். நிலையத்தில் வரிசையில் நின்று மேசைக்குப் போவதற்குள் எல்லாம் போய்விடும். குடும்பத்தில் ஒருவர் வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் ஆப்பில் டிக்கெட்டை மாற்றப் பார்க்கட்டும், வீட்டில் இருக்கிற இளையது ஒன்று கப்பலும் பஸ்ஸும் தேடட்டும்.

சரி, விமானம். பறக்கிற நேரம் ஒன்றேகால் மணி என்று பார்த்து மயங்க வேண்டாம். வீட்டுக் கதவிலிருந்து கல்யாண மண்டபக் கதவு வரை கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரம் சாதாரணம். விமானத்துக்கு எதிரி பிரெஞ்சு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம், 2025 ஜூலை 3, 4 தேதிகளில் நடந்த மாதிரி. அந்த நாட்களில் ரயிலுக்கு ஒன்றும் ஆகாது. பிரான்ஸில் இந்தத் துறைகளில் வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், வழக்கமான வேலைநிறுத்தம் என்றால் முதல்நாள் சாயந்தரமே எது ஓடும் எது ஓடாது என்று தெரிந்துவிடும். பிரெஞ்சு ரயில்களுக்கு முதல்நாள் சாயந்தரம் 5 மணியளவில் பட்டியல் வரும், அதைப் பார்க்காமல் மூட்டை கட்ட வேண்டாம். முன்னறிவிப்பே இல்லாத கோளாறும் வரும். 2023 ஆகஸ்ட் 28, பிரிட்டனில் வங்கி விடுமுறைத் திங்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸ் போகிற ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் இருந்த இரண்டு வழிப்புள்ளிகளுக்கு ஒரே மூன்றெழுத்துக் குறி, ஒன்று பிரான்ஸின் தோவில், இன்னொன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக். கணினி குழம்பி, பிரிட்டன் வான்போக்குவரத்தின் தானியங்கி ஏற்பாடே நின்றுபோனது. லட்சக்கணக்கானவர்கள் அவதிப்பட்டார்கள். பேயின் பெயரில் ஒரு ஏரியை வைத்துக்கொண்டு வேறென்ன எதிர்பார்ப்பது.

பாரிஸில் எந்த விமான நிலையம் என்பதையும் பாருங்கள். கார் து நோர் பக்கம் குழப்பம் என்றால் ஓர்லிக்குப் போகிற விமானத்தைத் தேடுங்கள். 2024 ஜூனிலிருந்து 14ஆம் இலக்க மெட்ரோ ஓர்லி வரைக்கும் போகிறது, அதற்கும் கார் து நோருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பஸ்ஸைப் பற்றி நம் ஆட்களிடம் இரண்டு அபிப்பிராயம் உண்டு, மலிவு என்று கொண்டாடுகிறவர்கள், இனி செத்தாலும் ஏறமாட்டேன் என்கிறவர்கள். இரண்டுமே சரி. லண்டன் விக்டோரியாவிலிருந்து பாரிஸ் பெர்சி வரை நல்ல நாளில் எட்டு ஒன்பது மணி நேரம். இரவு பஸ் என்றால் தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்று நினைப்பீர்கள், ஆனால் நடு இரவில் எல்லையில் எல்லோரையும் எழுப்பி இறக்கி, ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் பார்த்து, திரும்ப ஏற்றுவார்கள். காரில் வருகிறவர் உட்கார்ந்த இடத்தில் பாஸ்போர்ட்டை நீட்டலாம். ஐம்பது பேர் உள்ள பஸ்ஸுக்கு அது முடியாது. 2023 ஈஸ்டர் விடுமுறைத் தொடக்கத்தில் டோவரில் பஸ்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றன, அன்று கார்கள் அவ்வளவு நிற்கவில்லை. ஆகவே பள்ளி விடுமுறை தொடங்குகிற வார இறுதியில் பஸ்ஸைத் தொடாதீர்கள். சாதாரண வியாழன் இரவு என்றால் பஸ் நல்ல தெரிவு, அதுவும் ரயில் பழுது என்று செய்தி வந்த முதல் நிமிடத்தில் எடுத்தால்.

கப்பல்தான் எனக்குப் பிடித்தது. எல்லோரும் மறந்துபோனதும் அதுதான், அதனாலேயே இடம் கிடைக்கும். டோவர்–கலே ஒன்றரை மணி நேரம். ஆனால் கால்நடையாக வருகிறவர்களை எல்லாக் கம்பனியும் ஏற்றுவதில்லை, ஏற்றுகிற கம்பனியும் எல்லாப் பயணத்திலும் ஏற்றுவதில்லை. டிக்கெட் கையில் இல்லாமல் டோவர் துறைமுக வாசலுக்குப் போய் நிற்காதீர்கள். கலேயில் இறங்கியபின் துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் சில கிலோமீட்டர், பிறகு ரயில் மாறிப் பாரிஸ். காற்று பலமாக அடித்தால் டோவர் துறைமுகத்தையே மூடுவார்கள், அப்படியான நாளில் சுரங்க ரயில் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வழி நியூஹேவன்–தியெப். லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸில் மாறி நியூஹேவன் டவுன் வரை ஒன்றரை மணி நேரம், நிலையத்திலிருந்து கப்பலடிக்கு நடக்கலாம். கடலில் நாலு மணி நேரம். தியெப்பிலிருந்து ரூவான் வழியாகப் பாரிஸ் சென் லசார். இந்த வழி கலேயையும் தொடாது, சுரங்கத்தையும் தொடாது, கார் து நோரையும் தொடாது. நாலு துண்டில் எது பழுதானாலும் இது ஓடும் என்பதுதான் இதன் அழகு. நாளுக்கு இரண்டு மூன்று கப்பல்தான், அதுதான் குறை.

ஒரு குளிர்காலத்தில் மச்சாளின் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை என்னிடம்தான் இருந்தது. ஈஸ்ட்ஹாமில் ரவிக்கை தைத்து முடிய வெள்ளி மதியம் ஆகிவிட்டது, அன்றைக்கென்று ரயில் இல்லை. நியூஹேவனுக்கு ஓடினேன். கடல் அவ்வளவு நல்லாயில்லை, தட்டில் வைத்த கோப்பி தானாக மேசையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. எதிரே இருந்த லொறிச் சாரதி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் என் கோப்பியைப் பிடித்துவைத்தார், பழகிய கை. கூறையைப் பையோடு மடியில் வைத்து, அதன்மேல் கோட்டைப் போட்டு, நாலு மணி நேரம் அசையாமல் இருந்தேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது, ஒன்றைத் தவிர: கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிரான்ஸில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஐந்து மணிக்குக் கப்பல் ஏறினால் நாலு மணி நேரத்தில் ஒன்பது என்று நான் கணக்குப் போட்டிருக்க, இறங்கும்போது பத்து தாண்டிவிட்டது, பாரிஸுக்கு அன்றைக்கு ரயிலே இல்லை. மச்சாளின் தம்பி மருதாணிக் கையோடு அலைந்துகொண்டிருந்த அக்காவை விட்டுவிட்டு, இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டி வந்தான். வழி முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கூறையை மட்டும் வாங்கிப் பின்சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டான். அன்றிலிருந்து எந்தக் கப்பலானாலும் முதலில் அந்தப் பக்கத்தில் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பது.

ஒரு இரவு கையில் இருந்தால் இன்னும் இரண்டு கப்பல் உண்டு. போர்ட்ஸ்மவுத்திலிருந்து நோர்மண்டிக் கரைக்கு இரவுக் கப்பல், படுக்கை அறையோடு. ஹார்விச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹூக் வான் ஹோலண்டுக்கு இரவுக் கப்பல், காலையில் மெட்ரோவில் ரோட்டர்டாம், அங்கிருந்து பாரிஸ் போகிற அதிவேக ரயில். சுற்றுத்தான், ஆனால் வயதானவர்கள் படுத்துத் தூங்கிக்கொண்டு வரலாம். நாற்காலியில் எட்டு மணி நேரம் இருப்பதைவிட அம்மாவின் முழங்காலுக்கு இது எவ்வளவோ மேல்.

பாரிஸிலிருந்து திரும்பி வரும்போது கார் து நோர் மட்டும் அடைபட்டிருந்தால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. லில் நகரத்துக்குப் போகிற சில அதிவேக ரயில்கள் டிஸ்னிலாண்ட் பக்கத்து மார்ன் லா வலே நிலையத்திலிருந்து கிளம்பும், கார் து நோரைத் தொடாமல் வெளிவட்டப் பாதையால் போகும். ஆர்.இ.ஆர். ஏ ரயிலில் அங்கே போய் லில் யூரோப் நிலையம் சேர்ந்தால், பிரசல்ஸிலிருந்து லண்டன் போகிற யூரோஸ்டார் அங்கே நிற்கும், ஒன்றரை மணி நேரத்தில் லண்டன். ஆனால் அந்த ரயிலில் இடம் பிடித்தபிறகு கிளம்புங்கள். லில்லில் மாட்டிக்கொண்டால் பாரிஸில் மாட்டிக்கொள்வதைவிட மோசம், அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை.

சொந்தக் கார் இருந்தால் கல்யாண வீட்டுக்கு அதுதான் ராஜா. லே ஷட்டிலில் 35 நிமிடம், கலேயிலிருந்து பாரிஸ் மூன்று மணி நேரம். வாடகைக் காரை மட்டும் நினைக்க வேண்டாம், பிரிட்டனில் எடுத்ததைக் கடல் கடத்த முன்கூட்டி அனுமதி வேண்டும், பாரிஸில் விட்டுவிட்டு வருவதென்றால் கேட்கிற காசில் இன்னொரு கூறை வாங்கலாம்.

பணத்தைப் பற்றி. ரயில்காரர் ரத்து செய்வதற்கு முன் நீங்களாக டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். அவர்கள் ரத்து செய்தால் முழுக்காசு அல்லது வேறு ரயில், இரண்டில் ஒன்று உங்கள் உரிமை. நீங்களாகச் செய்தால் டிக்கெட்டில் எழுதியிருக்கிற நிபந்தனைதான். அதைவிட முக்கியம், மெசேஜ் வந்ததும் "காசைத் திருப்பித் தா" என்ற பொத்தானை அவசரமாக அமுக்க வேண்டாம். காசை வாங்கிய நிமிடமே உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு அவர்கள் தலையிலிருந்து இறங்கிவிடும். வேறு வழி உறுதியானபிறகு அமுக்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் விதி, 2023 ஜூனிலிருந்து நடைமுறையில் இருப்பது, இன்னொன்றும் சொல்கிறது: புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் மாற்று வழி என்னவென்று அவர்கள் சொல்லாவிட்டால், நீங்களாக வேறு ரயிலோ பஸ்ஸோ எடுத்துக்கொண்டு நியாயமான செலவைக் கேட்கலாம். விமானம் இதில் அடங்காது. பிரான்ஸிலிருந்து கிளம்பும்போது இதை நினைவில் வையுங்கள், ரசீதுகளைப் படம் எடுத்து வையுங்கள், அறிவிப்புப் பலகையையும் நேரத்தோடு ஒரு படம். விமானத்தில் இந்தத் தூரத்துக்கு நட்டஈடு 250 யூரோ, பிரிட்டன் விதியில் 220 பவுண்ட், மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்திச் சேர்ந்தால். ஆனால் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் மாதிரியான காரணத்துக்கு அது கிடைக்காது. சாப்பாடு, தங்குமிடம், மாற்றுப் பயணம் மூன்றும் காரணம் எதுவானாலும் தர வேண்டியவை, "எங்கள் பிழையில்லை" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அம்மாவின் விசா. இதில்தான் கவனம் வேண்டும். பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை பாரிஸில் நடப்பதில்லை, செயின்ட் பேங்க்ராஸிலேயே நடக்கிறது. டோவரிலும் ஃபோக்ஸ்டனிலும் அப்படித்தான். அதாவது அம்மா லண்டனில் நின்றுகொண்டே பிரான்ஸுக்குள் நுழைந்ததாகப் பதிவாகிவிடும். அதன்பிறகு ரயில் ரத்தானால், ஒருமுறை நுழைகிற விசா தீர்ந்ததா இல்லையா? திருப்பி வெளியே விடும்போது அந்த நுழைவை ரத்து செய்து விடுவதுதான் முறை. கூட்ட நெரிசலில் விடுபட்டுப்போகலாம். முன்பு முத்திரைமேல் ரத்து என்று போட்டதைக் கண்ணால் பார்க்கலாம். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றுகிற முறை வந்திருக்கிறது, கணினிக்குள் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. ஆகவே அந்தப் பொலிஸ்காரரிடமே நின்று, நுழைவு ரத்தாகிவிட்டதா என்று கேட்டு, ரயில் ரத்தானதற்கான அறிவிப்பையும் கையில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். நியூஹேவன் கப்பலிலும் விமானத்திலும் இந்தத் தலையிடி இல்லை, பிரெஞ்சுச் சோதனை அங்கே போய் இறங்கியபின்தான். ரயில் ஓடுமா ஓடாதா என்ற நிலையில் அம்மாவைச் சோதனைக்குள் அனுப்பாமல், புறப்படுவது உறுதி என்று தெரியும்வரை வெளியே வைத்திருப்பதும் ஒரு வழி, ஆனால் சோதனை மூடுகிற நேரத்தைத் தவறவிடக் கூடாது. சுற்றி நெதர்லாந்து வழியாகப் போனால் அதே விசா போதும், அது பிரான்ஸ், நெதர்லாந்து உட்பட்ட ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவானது; கல்யாண அழைப்பிதழை மட்டும் கையில் வையுங்கள், ஏன் இந்த வழியால் வருகிறீர்கள் என்று கேட்பார்கள். பாரிஸ் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் லண்டன் வருவதென்றால் 2025 ஏப்ரலிலிருந்து பிரிட்டனின் மின்னனுமதி (ETA) வேண்டும், அடையாள அட்டையை மட்டும் காட்டி வந்த காலம் 2021ஓடு போய்விட்டது. கடைசி நேரத்தில் எந்த வழிக்கு மாறினாலும் இது இல்லாமல் ஏற்றமாட்டார்கள்.

உங்களுடைய நிலைமைக்கு நான் என்ன செய்வேன்? கல்யாணம் சனி காலை, ரயில் வெள்ளி காலை, நடுவில் ஒரு பகல் இருக்கிறது, அது பெரிய சொத்து. வியாழன் இரவே என்ன பழுது, நாலு துண்டில் எங்கே என்று பார்ப்பேன். வேலைநிறுத்தம் அல்லது பிரெஞ்சுப் பாதைத் தாமதம் என்றால் ரயிலிலேயே இருப்பேன், முடிந்தால் இன்னும் முந்திய ரயிலுக்கு மாற்றுவேன். சுரங்கத்தில் மின்சாரக் கோளாறோ வெள்ளமோ என்றால் காத்திருக்கமாட்டேன்: வெள்ளி காலையே அம்மாவுக்கும் பிள்ளைக்கும் விமானம், முடிந்தால் ஓர்லிக்கு. விமானம் கைக்கெட்டாத விலையில் இருந்தால் நியூஹேவன் காலைக் கப்பல், மாலைக் கப்பல் வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு வாந்தி மாத்திரையும் பையும். பஸ் உங்கள் கூட்டத்துக்குச் சரிவராது, நாலு வயதுப் பிள்ளையையும் அம்மாவையும் நடுநிசியில் இறக்கி வரிசையில் நிறுத்த வேண்டியிருக்கும். கூறையோ தாலிக்கொடியோ உங்களிடம் இருந்தால் அதைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

அப்புறம், திரும்பி வரும்போது லா சப்பலில் வழக்கம்போல மட்டன் ரோல் கட்டிக்கொண்டு வர நினைத்தால் வேண்டாம். ஆடு மாடுகளுக்கு வருகிற கோமாரி நோய்ப் பயத்தில் 2025 ஏப்ரல் 12இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை. நிலையத்துக்கு வெளியே நின்று சாப்பிட்டு முடித்துவிட்டு ஏறுங்கள். மீன் ரோலுக்கு இந்தத் தடையில்லை.